நண்பர்களோடு ஸ்பெயின்: பார்சிலோனா முதல் மாட்ரிட் வரை 12 நாள் சிக்கனப் பயணம் – முழுமையான வழிகாட்டி

ஸ்பெயினில் பணத்தை மிச்சப்படுத்தித் தருவது கிழமையும் மணியும்தான். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் தினமும் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம். செவியாவின் அல்காசர் அரண்மனையில் திங்கட்கிழமை கடைசி ஒரு மணி நேரம். கோர்தோபாவின் பழைய மசூதியான மெஸ்கீத்தாவில் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை 8.30 முதல் 9.30 வரை. சாப்பாடும் அப்படித்தான். மதியம் 14 யூரோவுக்கு வயிறு நிறையப் போடும் உணவகத்தில் இரவு போய் உட்கார்ந்தால் அந்தக் காசுக்கு ஒரு தட்டுதான் மேசைக்கு வரும். ஆகவே ஊர்ப் பட்டியலைப் போடுவதற்கு முன் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள திட்டம் ஒரு வியாழக்கிழமை பார்சிலோனாவில் இறங்கி, அடுத்தடுத்த வாரத்துத் திங்கட்கிழமை மாட்ரிட்டிலிருந்து கிளம்புவது. இந்தக் கிழமைகளை வேண்டுமென்றேதான் இப்படி அடுக்கியிருக்கிறேன்.

வந்த ஊருக்கே திரும்பிப் போய் விமானம் ஏறுவதை முதலில் விட்டுவிடுங்கள். ஒரு ஊரில் இறங்கி இன்னொரு ஊரில் ஏறும் சீட்டு பெரும்பாலும் அதே விலைக்கோ, கொஞ்சம் கூடுதலாகவோ கிடைக்கும். அதனால் ஒரு நாளும் ஒரு ரயில் கட்டணமும் மிஞ்சும்.

எத்தனை பேர், எந்த மாதம்

நான்கு பேர் சரியான எண்ணிக்கை. டாக்சியில் நான்கு பேர் ஏறலாம், இரண்டு அறை கொண்ட வாடகை வீடு போதும், உணவகத்தில் மேசை கிடைக்கக் காத்திருக்க வேண்டாம். ஆறு பேராகிவிட்டால் எல்லாமே இரண்டாகப் பிரிந்துவிடும்.

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆகியவை நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் செவியாவிலும் கோர்தோபாவிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நம் ஊர் வெயில் பழக்கம்தானே என்று நினைக்க வேண்டாம். அங்கே சுற்றிப் பார்ப்பதே நடந்துதான், மதிய வேளையில் தெருவில் நிற்கவே முடியாது. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும், அதை அடுத்து வரும் வசந்தத் திருவிழாவின்போதும் செவியாவில் அறை வாடகை தாறுமாறாக ஏறும். மிகக் குறைந்த செலவில் போக வேண்டுமென்றால் நவம்பரும் பிப்ரவரியும். பகல் சிறியது, ஆனால் எங்கேயும் கூட்டம் இராது.

கிளம்புவதற்கு முன் முடிக்க வேண்டியவை

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். நண்பர்கள் ஆளுக்கொரு விண்ணப்பம் போட்டாலும் பயணத் திட்டம் எல்லோருக்கும் வரிக்கு வரி ஒன்றாக இருக்கட்டும். ஒருவர் தாளில் செவியாவும் இன்னொருவர் தாளில் வலென்சியாவும் இருந்தால் கேள்வி வரும். தங்குமிடங்களை ரத்து செய்யக்கூடிய வகையில் மட்டும் பதிவு செய்யுங்கள். விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பாத எதையும் வாங்க வேண்டாம்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அது கிரனாடாவின் அல்ஹம்ப்ரா கோட்டை. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று அளவு வைத்திருப்பதால் வசந்த காலத்தில் சீட்டு பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். விலை 20 யூரோவை ஒட்டி இருக்கும். அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். இடைத்தரகர் தளங்கள் அதே சீட்டை இரட்டிப்பு விலைக்கு விற்கின்றன. சீட்டில் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் பதிவாகும், வாசலில் அசல் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். அதில் நஸ்ரிய அரண்மனைகளுக்கென்று தனி நேரம் குறிப்பிட்டிருக்கும். அந்த நேரம் தவறினால் கோட்டையின் மற்ற பகுதிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இந்தச் சீட்டு எந்தத் தேதிக்குக் கிடைக்கிறதோ, அதை வைத்து மற்ற ஊர்களை முன்னும் பின்னும் நகர்த்துங்கள்.

பணத்தைப் பற்றி நண்பர்களிடம் இப்போதே பேசுங்கள்

சங்கடமாக இருந்தாலும் ஊரிலேயே பேசிவிட வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 70 யூரோ என்றால் போதும், இன்னொருவருக்கு 120 இல்லாமல் முடியாது என்பது பார்சிலோனாவில் தெரிய வந்தால் பயணமே கசந்துவிடும். விமானக் கட்டணம் போக, ஆளுக்கு நாளொன்றுக்கு 70 முதல் 85 யூரோ வரை வைத்துக்கொண்டால் இந்தத் திட்டம் நிம்மதியாக ஓடும். அதில் படுக்கைக்கு 25 முதல் 40 வரை, சாப்பாட்டுக்கு 25, மீதி ரயிலுக்கும் நுழைவுச் சீட்டுக்கும்.

பொதுப் பணப்பை ஒன்று வையுங்கள். முதல் நாள் ஆளுக்கு 50 யூரோ போட்டு ஒருவரிடம் கொடுத்துவிடுவது. மளிகை, தண்ணீர், மெட்ரோ, பகிர்ந்து சாப்பிடும் தட்டுகள் எல்லாம் அதிலிருந்து. தீர்ந்தால் மறுபடி ஆளுக்கு சமமாகப் போடுவது. மது அருந்துபவர்கள் அந்தக் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்ளட்டும். அருந்தாதவர் தலையில் அது விழக்கூடாது. ஸ்பானிய நண்பர் கூட்டங்களும் பாருக்குப் போனால் இப்படித்தான் பொதுவில் பணம் போட்டு எடுக்கிறார்கள். வாடகை, ரயில் போன்ற பெரிய தொகைகளை ஸ்ப்ளிட்வைஸ் போன்ற ஒரு செயலியில் அன்றன்றைக்கே ஏற்றிவிடுங்கள்.

அட்டையில் பணம் செலுத்தும்போது ‘யூரோவிலா, ரூபாயிலா’ என்று இயந்திரம் கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தில் நன்றாகவே இழப்பீர்கள்.

தங்குமிடம்

மூன்று வழிகள். படுக்கை வாடகைக்கு விடும் ஹாஸ்டல்கள். ‘ஹோஸ்டால்’ என்று பலகை போட்ட, பெரும்பாலும் ஒரு குடும்பம் நடத்தும் சிறு விடுதிகள். சமையலறை உள்ள வாடகை வீடு. நான்கு பேர் என்றால் கிரனாடாவிலும் செவியாவிலும் வீடு மலிவு. பார்சிலோனாவில் ஹாஸ்டலே நல்லது. அங்கே சுற்றுலா வாடகை வீடுகளால் உள்ளூர்க்காரர்களுக்கு வீடு கிடைப்பதில்லை என்ற கோபம் நியாயமாகவே கொழுந்துவிட்டு எரிகிறது. 2028 நவம்பருக்குள் அப்படிப்பட்ட வீடுகளின் உரிமங்கள் அனைத்தையும் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக மாநகராட்சி 2024இல் அறிவித்தது. எந்த ஊரில் வீடு எடுத்தாலும் விளம்பரத்தில் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். இரவு 10 மணிக்கு மேல் படிக்கட்டில் பெட்டியை உருட்டாதீர்கள், மாடத்தில் நின்று சத்தமாகப் பேசாதீர்கள். பக்கத்து வீட்டில் இருப்பவர் காலையில் வேலைக்குப் போக வேண்டியவர். பார்சிலோனாவில் தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் ஆளுக்குச் சில யூரோ சுற்றுலா வரியும் உண்டு. அறை விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வியாழன் முதல் சனி: பார்சிலோனா

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர மிக மலிவான வழி இரண்டாம் முனையத்திலிருந்து கிளம்பும் ஆர்2 ரயில். முதல் முனையத்தில் இறங்கினால் இலவசப் பேருந்தில் அங்கே போய்விடலாம். ‘டி காஷுவல்’ என்ற 10 பயணச் சீட்டு இந்த ரயிலில் செல்லும், ஆனால் விமான நிலைய மெட்ரோவில் செல்லாது. அந்தச் சீட்டை ஒருவர்தான் பயன்படுத்த வேண்டும். எல்லோரும் ஒரே சீட்டில் போக வேண்டுமென்றால் 8 பயணங்கள் கொண்ட ‘டி ஃபமிலியார்’ இருக்கிறது. மூன்று நாள் தங்குபவர்களுக்கு ஆளுக்கொரு டி காஷுவல்தான் கணக்குக்கு ஒத்துவரும்.

வியாழன் மாலை பிக்காசோ அருங்காட்சியகம் இலவசம். சில நாட்கள் முன்னதாக இணையத்தில் இடம் பிடித்துவிடுங்கள், பருவத்துக்கேற்ப நேரம் மாறும். வெளியே வந்தால் பக்கத்திலேயே சாண்டா மரியா தெல் மார் தேவாலயம். அந்தக் கடலோர வட்டாரத்து மக்கள் 14ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. கப்பல் சரக்கு தூக்கும் தொழிலாளர்கள் அதற்கான கல்லை முதுகில் சுமந்து கொண்டுவந்திருக்கிறார்கள். கதவில் சுமையோடு குனிந்து நிற்கும் அவர்களின் சிறிய வெண்கல உருவங்களைத் தேடிப் பாருங்கள்.

வெள்ளி, சக்ரடா ஃபமிலியா தேவாலயம். இங்கே காசு பார்க்க வேண்டாம். சுமார் 26 யூரோ, சீட்டு இணையத்தில்தான். 1882இல் தொடங்கிய கட்டடம் இது. கட்டடக் கலைஞர் அந்தோனி கௌதி 1926இல் டிராம் மோதி இறக்கும்வரை இதிலேயே உழைத்தார். நேரத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கிழக்குப் பக்கக் கண்ணாடிகள் நீலமும் பச்சையும், மேற்குப் பக்கம் சிவப்பும் ஆரஞ்சும். காலை 9 மணிக்குப் போனால் தூண்கள் கடலடியில் நிற்பதுபோல நீலத்தில் மூழ்கியிருக்கும். மாலை 5 மணிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒளி வந்து தரை முழுக்கச் செம்மஞ்சள் பரவும். எனக்கு மாலைதான் பிடிக்கும். கோபுரம் ஏறும் கூடுதல் சீட்டு தேவையில்லை. இந்தக் கட்டடத்தின் அழகு உள்ளே அண்ணாந்து பார்ப்பதில் இருக்கிறது.

கௌதியின் மற்ற வேலைகளை வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். காசா பாட்லோ, காசா மிலா இரண்டும் ஒரே சாலையில் நடக்கும் தூரம்தான். பார்க் குவேல் பூங்காவின் கட்டணப் பகுதி இப்போது 18 யூரோ. சிக்கனப் பயணத்தில் அதை விட்டுவிடலாம் என்பேன்.

சனி காலை பார்சிலோனெத்தா கடற்கரை. பிற்பகல் 3 மணிக்கு மேல் மோன்ஜுயிக் மலையடிவாரத்தில் இருக்கும் கத்தலோனிய தேசியக் கலை அருங்காட்சியகம் இலவசம். பிரனீஸ் மலைக் கிராமங்களின் பழைய தேவாலய ஓவியங்கள் வெளிநாட்டுக்கு விலைபோகத் தொடங்கியபோது, அவற்றைச் சுவரிலிருந்தே உரித்து இங்கே கொண்டுவந்து காப்பாற்றினார்கள். அந்தக் கூடங்களுக்காகவே போக வேண்டும். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தால் நகரம் முழுதும் கண்முன். திரும்பும் வழியில் சூப்பர்மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு பார்சிலோனாவிலும் செவியாவிலும் பெரிய கடைகள் அநேகமாக மூடியிருக்கும்.

பார்சிலோனாவில் பிக்பாக்கெட் தொல்லை நிஜம். ராம்பிளா சாலை, மெட்ரோ, கடற்கரை மூன்றும்தான் அவர்கள் இடம். கைப்பேசியை உணவக மேசைமேல் வைக்காதீர்கள். யாராவது உங்கள் சட்டையில் கறை பட்டிருக்கிறது என்று துடைக்க வந்தால் நிற்காமல் நடங்கள். நான்கு பேரில் ஒருவர் படம் எடுக்கும்போது இன்னொருவர் பைகளைப் பார்த்துக்கொள்வது என்று பழகிவிடுங்கள்.

ரயில் ஏறும் முன்

பார்சிலோனாவிலிருந்து செவியாவுக்கு நேரடி அதிவேக ரயிலில் ஐந்தரை மணி நேரம். ரென்ஃபே நிறுவனத்தின் ஆவே ரயில்கள் தவிர, அதன் மலிவு வகையான அவ்லோ, போட்டி நிறுவனங்களான ஊய்கோ, இர்யோ ஆகியவையும் முக்கியத் தடங்களில் ஓடுகின்றன. விலை விமானச் சீட்டுபோல ஏறும், அதனால் விசா வந்த அன்றே வாங்குங்கள். உள்நாட்டு விமானமும் சில நாட்களில் மலிவுதான். பெட்டிக் கட்டணத்தைக் கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள். நிலையத்தில் பெட்டிகளை ஸ்கேன் செய்வார்கள், புறப்படும் நேரத்துக்கு முன்பே வாசலை மூடிவிடுவார்கள். அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுவது நல்லது.

பலர் கவனிக்காத சலுகை ஒன்று: ஆவே சீட்டில் ‘கொம்பினாதோ செர்கனியாஸ்’ என்று ஒரு குறியீட்டு எண் அச்சாகியிருக்கும். அதை நிலைய இயந்திரத்தில் கொடுத்தால் அந்த நகரின் புறநகர் ரயிலில் நிலையத்துக்குப் போகவும் நிலையத்திலிருந்து வரவும் தனிக் கட்டணம் கிடையாது.

ஞாயிறு முதல் செவ்வாய்: செவியா

ஞாயிறு மாலை 1929 கண்காட்சிக்காகக் கட்டிய பிளாசா தெ எஸ்பான்யாவுக்குப் போங்கள். அரைவட்டக் கட்டடம், ஓடு பதித்த இருக்கைகள், மாகாணத்துக்கு ஒன்றாக. வளைவுகளின் அடியில் ஃபிளமெங்கோ ஆடுபவர்கள் மரப்பலகையை விரித்து ஆடிக்கொண்டிருப்பார்கள். பார்த்து ரசித்தால் தொப்பியில் காசு போடுங்கள். அது அவர்களின் பிழைப்பு.

திங்கள் அல்காசர். கோடையில் மாலை 6 மணி, குளிர்காலத்தில் 4 மணி. இலவசம் என்றாலும் இணையத்தில் முன்பதிவு வேண்டும், அதற்கு ஒரு யூரோ. ஒரு மணி நேரத்தில் முழு அரண்மனையையும் பார்க்க முடியாது. நேராகப் பேத்ரோ மன்னரின் அரண்மனைக்குப் போய், கன்னியர் முற்றத்தையும் தூதர் மண்டபத்துப் பொற்கூரையையும் பார்த்துவிட்டு, மீதி நேரத்தைத் தோட்டத்துக்குக் கொடுங்கள். முன்பதிவு கிடைக்காவிட்டால் கட்டணம் கொடுத்தே பார்த்துவிடுங்கள்.

செவ்வாய் பேராலயம். முன்பு மசூதியின் கோபுரமாக இருந்த அதன் ஹிரால்தா கோபுரத்தில் உச்சிக்கு அருகே சில படிகள் தவிர, சரிவுப் பாதைதான். தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலேயே மேலே போக வசதியாக அப்படிக் கட்டினார்கள். வாசலில் ரோஸ்மேரிக் கிளையை நீட்டுபவரிடம் கைநீட்டி வாங்காதீர்கள். வாங்கினால் கைரேகை பார்த்துப் பணம் கேட்பார்கள். மாலையில் ஆற்றைக் கடந்து திரியானா பகுதி.

சாப்பாடு

மதியச் சாப்பாடுதான் பெரிய சாப்பாடாக இருக்க வேண்டும். வார நாட்களில் ‘மெனு தெல் தியா’ என்று கரும்பலகையில் எழுதியிருக்கும். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, ஒரு பானம், இனிப்பு அல்லது காபி எல்லாம் சேர்த்து 12 முதல் 16 யூரோ. 2 மணிக்குப் போனால் உள்ளூர்க்காரர்களோடு உட்காரலாம். காலையில் வாட்டிய ரொட்டிமேல் தக்காளி அரைத்துப் பூசி ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள், காபியோடு 4 யூரோவுக்குள். இரவுக்கு சூப்பர்மார்க்கெட், அல்லது பாரில் நின்றபடி இரண்டு மூன்று தப்பாஸ், அதாவது சிறு தட்டு உணவுகள். வெளி மேசையில் உட்கார்ந்தால் பல இடங்களில் விலை கூடும். குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்று 2022ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ‘அகுவா தெல் கிரிஃபோ’ என்று கேளுங்கள்.

சைவ நண்பர்கள் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. சாலட்டில் சூரை மீனும், சூப்பின் மேல் பன்றித் தொடைத் துருவலும் வந்துவிடும். மீன், ஹாமோன் என்னும் பன்றித் தொடை இரண்டையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். செவியாவில் கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் போட்டுச் செய்யும் ‘எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ்’ நம் நாக்குக்கு அப்படியே பிடிக்கும். கிரனாடா, கோர்தோபா பக்கம் கத்தரிக்காயைப் பொரித்துப் பாகு ஊற்றித் தருவார்கள். முட்டை சாப்பிடுபவர்களுக்கு தோர்த்தியா என்னும் உருளைக்கிழங்கு ஆம்லெட் எல்லா ஊரிலும் கிடைக்கும்.

புதன், வியாழன்: கிரனாடா

செவியாவிலிருந்து பேருந்தில் சுமார் மூன்று மணி நேரம். இந்தப் பயணத்தில் மிக மலிவான ஊர் இதுதான், ஏனென்றால் இங்கே பாரில் ஒரு பானம் வாங்கினால் ஒரு சிறு தட்டு உணவு கூடவே இலவசமாக வரும். பழச்சாறு, குளிர்பானம் வாங்கினாலும் பல இடங்களில் உண்டு. இரண்டாவது பானத்துக்கு வேறு தட்டு, பெரும்பாலும் முதலில் வந்ததைவிட நல்லது. மூன்று பார் ஏறி இறங்கினால் இரவுச் சாப்பாடு முடிந்தது. தட்டில் என்ன வரும் என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். சைவம் என்றால் பானம் சொல்லும்போதே சொல்லிவிடுங்கள்.

புதன் மாலை அல்பைசின் மேட்டுச் சந்துகளில் ஏறி சான் நிக்கோலாஸ் முற்றத்துக்குப் போங்கள். எதிரே அல்ஹம்ப்ரா, அதன் பின்னால் பனி மூடிய சியரா நெவாடா. கூட்டம் அதிகமாக இருந்தால் பக்கத்துப் பள்ளிவாசலின் தோட்டம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்தும் அதே காட்சிதான், அமைதியாக.

வியாழன் முழுதும் அல்ஹம்ப்ராவுக்கு. கிரனாடாவை ஆண்ட முஸ்லிம்களான நஸ்ரிய அரசர்கள் 13ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கோட்டை அரண்மனை. 1492இல் கடைசி அரசர் இதை ஸ்பானிய அரசி இசபெல்லா, அரசர் பெர்தினாந்து இருவரிடமும் ஒப்படைத்தார். சுவர் முழுதும் ஓடும் அரபு எழுத்துகளில் கவிதைகளும் உண்டு. சிங்க முற்றத்தின் நீரூற்றுத் தொட்டியைச் சுற்றி ஓடும் வரிகளும் கவிதைதான். இங்கே அவசரப்படாதீர்கள். நான்கு பேரும் ஒன்றாகவே நடக்க வேண்டும் என்றில்லை. ஒரு மணி நேரம் பிரிந்து அவரவர் வேகத்தில் பார்த்துவிட்டு ஹெனராலிஃபே தோட்டத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். சீட்டே கிடைக்கவில்லை என்றால்கூட நீதி வாயில் வழியாக ஏறி ஐந்தாம் சார்லஸ் அரண்மனையின் வட்ட முற்றம் வரை இலவசமாகப் போகலாம்.

வெள்ளி இரவு கோர்தோபா, சனி மாட்ரிட்

கோர்தோபாவில் ஒரு இரவு தங்குவது சனிக்கிழமை காலை 8.30க்காக. மெஸ்கீத்தாவின் கதவு திறந்ததும் உள்ளே போய் ஒரு நிமிடம் அப்படியே நில்லுங்கள். 785இல் கட்டத் தொடங்கிய மசூதி, 850க்கும் மேற்பட்ட தூண்கள், சிவப்பும் வெள்ளையுமாக இரட்டை வளைவுகள். நடுவே 16ஆம் நூற்றாண்டில் செருகிய தேவாலயம். வழிகாட்டிக் குழுக்களுக்கு அந்த நேரத்தில் அனுமதி இல்லாததால் நம் காலடிச் சத்தமே கேட்கும். 9.30க்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். ரோமானியப் பாலத்தில் நடந்துவிட்டு, தக்காளியில் செய்த குளிர்ந்த சல்மொரேஹோ சூப் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினால் ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் மாட்ரிட்.

மாட்ரிட்டில் 10 பயணச் சீட்டை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். 2.50 யூரோவுக்கு ஒரு சிவப்பு அட்டை வாங்கி அதில் பயணங்களை ஏற்றுங்கள். ஒருவர் அட்டையைத் தொட்டு உள்ளே போனதும் பின்னால் இருப்பவரிடம் நீட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சனி மாலை 6 முதல் 8 வரை பிராடோ இலவசம். வரிசை ஒரு மணி நேரத்துக்கு முன்பே நீளத் தொடங்கும். வெலாஸ்கெஸின் ‘லாஸ் மெனினாஸ்’, கோயாவின் கறுப்பு ஓவியங்கள், போஷின் மூன்று பலகை ஓவியம் ஆகிய மூன்றை மட்டும் குறிவைத்துப் போங்கள். மீதி வழியில் வரும். படம் எடுக்க அனுமதி இல்லை. ஞாயிறு காலை எல் ராஸ்த்ரோ சந்தை. பிறகு 12.30 முதல் 2.30 வரை ரெய்னா சோஃபியா அருங்காட்சியகம் இலவசம். பிக்காசோ 1937இல் வரைந்த ‘கெர்னிக்கா’ இங்கேதான் இருக்கிறது. மாட்ரிட் அரச அரண்மனையின் இலவச நேரம் ஐரோப்பிய ஒன்றியத்தினருக்கும் லத்தீன் அமெரிக்கர்களுக்கும் மட்டும். அதை நம்பி வரிசையில் நிற்காதீர்கள். மாலையில் ரெத்திரோ பூங்கா, அப்புறம் தெபோத் கோயில். அஸ்வான் அணையில் மூழ்கவிருந்த நினைவுச்சின்னங்களைக் காப்பாற்ற உதவியதற்காக எகிப்து 1968இல் ஸ்பெயினுக்குக் கொடுத்த பழைய கோயில் அது. பூங்காவில் பாட்டிலைத் திறந்து மது அருந்தினால் அபராதம் விதிப்பார்கள், பீர் பாருக்குள் மட்டும்.

திங்கள் கிளம்பும்போது கணக்குப் பாருங்கள். விரைவுப் பேருந்து ஆளுக்கு 5 யூரோ, மெட்ரோவில் விமான நிலையத்துக்கென்று ஆளுக்கு 3 யூரோ கூடுதல். மைய நகரிலிருந்து டாக்சிக்கு 30 யூரோவைச் சற்றே தாண்டும் ஒரே நிலையான கட்டணம், பெட்டிகளுக்குத் தனியாக எதுவும் இல்லை. நான்கு பேர் என்றால் ஆளுக்கு எட்டொன்பது யூரோ. விடியற்காலை விமானம் என்றால் டாக்சி, பகல் விமானம் என்றால் பேருந்து.